வட்டாரச் சமையலும் அதைப் பற்றிய பேச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது செட்டிநாட்டில், தேவகோட்டைப் பக்கம். வாக்கப்பட்டது கொங்கு நாட்டில், பெருந்துறைக்கு அருகே ஒரு ஊரில். பிழைப்பு சென்னையில். மூன்று ஊர் அடுப்படியிலும் நின்று சமைத்திருக்கிறேன். சமையல் பற்றி எழுதுவதால் வாசகர்கள், உறவினர்கள், உடன் வேலை செய்பவர்கள் எல்லாரும் கேள்வி கேட்பார்கள். அவற்றில் பாதி செய்முறை பற்றியவை. மீதிப் பாதி, "அந்த ஊர்க்காரங்க இப்படித்தானே சாப்பிடுவாங்க?" என்கிற வகை. அந்த இரண்டாவது வகைக் கேள்விகளுக்குத்தான் இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஓர் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி நாம் சொல்லிப் பழகிய ஒற்றை வரி பெரும்பாலும் ஓட்டல் பலகையிலிருந்து வந்தது. அந்த ஊரின் மண்ணும் தண்ணியும் வேலையும் பஞ்சமும் சேர்ந்து வீட்டுக்குள் உண்டாக்கிய சமையலுக்கும் அந்த வரிக்கும் பெரிய சம்பந்தம் இருப்பதில்லை.

செட்டிநாட்டுச் சமையல் என்றாலே காரம்தானே?

இல்லை. அது மணம் தூக்கலான சமையல். காரம் அளவாகத்தான் இருக்கும். சோம்பு, பட்டை, கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு என்று அந்தந்தக் குழம்புக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, வறுத்து, அன்றைக்கே அரைப்பார்கள். அன்னாசிப்பூ நம் மண்ணில் விளைவதே இல்லை. கடல் வணிகம் கொண்டுவந்து சேர்த்தது. நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன காலத்தின் தடம் அவர்கள் அடுப்படியில் இன்றும் இருக்கிறது. பர்மா வழியாக வந்த கருப்புக் கவுனி அரிசியை வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறிய கவுனரிசி இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணக் காலைப் பலகாரம் நிறைவாகாது.

வீட்டில் வாரம் முழுக்க என்ன சமைப்பார்கள் என்று பாருங்கள். வெண்டைக்காய் மண்டி, இது அரிசி களைந்த இரண்டாம் தண்ணியில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் போட்டு வைப்பது. இளங்குழம்பு, பருப்புக் கூட்டு, இடியாப்பம், உளுந்து மாவை வறுத்துக் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் கும்மாயம், பால் பணியாரம். இவற்றில் எது நாக்கை எரிக்கும்?

வெள்ளைப் பணியாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே டம்ளரின் மேலே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். அந்தக் கோபுரம்தான் உளுந்தின் அளவு. இரண்டையும் ஒன்றாகவே ஊறவைத்து வெண்ணெய் போல ஆட்டி, உப்பும் துளி சர்க்கரையும் சேர்த்து, குழிக்கரண்டியில் ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்ற வேண்டும். ஓரம் மெல்லிதாக விரிந்து நடு உப்பி எழும்பும். நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். சிவந்துவிட்டால் எங்கள் அப்பத்தா அதைத் தட்டில் வைக்கவே விடமாட்டார். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். ஒரு வாய்க்கு ஒரு துளி தொட்டால் போதும். காரம் இருக்க வேண்டிய இடம் அந்தத் துளி.

அப்படியானால் ஓட்டல்களில் விற்கும் 'செட்டிநாடு சிக்கன்' எங்கிருந்து வந்தது?

எங்கள் ஊரிலிருந்துதான். கறிக்குழம்பும் வறுவலும் உப்புக்கறியும் எங்கள் பக்கம் நன்றாகவே செய்வார்கள். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. வீட்டுக் கோழிக்குழம்பு சோற்றில் ஊற்றிப் பிசையும்படி நீர்க்க இருக்கும். ஓட்டலில் பரோட்டாவுக்கும் நானுக்கும் தொட்டுக்கொள்ள அது கெட்டியானது, எண்ணெய் மிதந்தது, நிறத்துக்காக மிளகாய்த்தூள் ஏறியது. ஓட்டல்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் செய்வது வியாபாரம். அதை வைத்து ஒரு வட்டாரத்தையே காரம் என்ற ஒரே சொல்லில் அடக்குவதுதான் வருத்தமாக இருக்கிறது. நகரத்தார் கல்யாண விருந்து பெரும்பாலும் சைவ விருந்து என்பது வெளியூரில் பல பேருக்குத் தெரியவே தெரியாது.

கொங்குச் சமையல் 'சப்'பென்று இருக்கும் என்கிறார்களே?

மசாலா குறைவு. அதைச் 'சப்' என்று சொல்கிறவர்களுக்கு மசாலாதான் ருசி என்று பழகியிருக்கிறது. கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கம் பெரும்பகுதி மேட்டுக்காடு. காவிரியும் பவானியும் நொய்யலும் பாயும் இடங்களை விட்டு நகர்ந்தால் மழையை நம்பிய கம்பு, சோளம், ராகி, கொள்ளு, நிலக்கடலைதான். காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வயிறு நிற்க வேண்டும், உடம்பு சூடாகக் கூடாது. அதற்கேற்ற சமையல் இது. சின்ன வெங்காயம், தேங்காய், மல்லி, சீரகம், மஞ்சள், கடலை எண்ணெய். அவ்வளவில் முடிந்துவிடும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் எங்கள் மாமியார் வீட்டில் ரசத்தில்கூட ஒரு சிட்டிகை விழும்.

கொள்ளுக் கடைசலைச் சொல்கிறேன். கொள்ளை வேகவைத்து, தண்ணியை வடித்து ரசத்துக்கு எடுத்துவைத்துக்கொள்வார்கள். வெந்த கொள்ளோடு சீரகம், மல்லி, பூண்டு, வரமிளகாய், வதக்கிய சின்ன வெங்காயம் சேர்த்து மண்சட்டியில் மத்தால் கடைவார்கள். மிக்சியில் அடித்தால் பசையாகிவிடும். கடைந்தால் பாதி மசிந்து பாதி முழுசாக நிற்கும். ருசி அந்தப் பாதியில்தான் இருக்கிறது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். கொங்கு நாட்டில் இளைத்தவரும் கொழுத்தவரும் சேர்ந்துதான் கொள்ளு சாப்பிடுகிறார்கள்.

சந்தகை வீட்டையே கூட்டிவைக்கும் பலகாரம். புழுங்கலரிசி மாவை இட்லியாக அவித்து, சூடு ஆறுவதற்குள் சந்தகை மரத்தில் வைத்துப் பிழிய வேண்டும். ஆறினால் இறங்காது. ஒருவர் இட்லி எடுத்துப் போட, இன்னொருவர் அமுக்க, மூன்றாமவர் தட்டேந்திப் பிடிக்க வேண்டும். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுச் சாப்பிடுவோம். தாளித்தும் சாப்பிடுவோம். மருமகனோ சம்பந்தியோ வந்தால் சந்தகை உண்டு.

இன்னொன்று. ஈரோட்டுக்குக் காவிரி தாண்டினால் வரும் பள்ளிபாளையத்தின் பெயரில் ஒரு கோழி வறுவல் இருக்கிறது. விதை நீக்கிய வரமிளகாயைக் கைநிறையக் கிள்ளிப்போட்டு, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிச் சேர்த்து வதக்குவார்கள். அதைச் சாப்பிட்டவர்கள் கொங்குச் சமையலைச் சப்பென்று சொல்லமாட்டார்கள்.

மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலே கிடையாதா?

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு, 16ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அதற்கும் பிந்தித்தான் நம் அடுப்படிக்குள் நுழைந்தன. அதற்கு முன்னால் உறைப்பு என்றால் மிளகும் இஞ்சியும்தான்.

அந்தப் பழைய சமையலை ஏட்டில் தேட வேண்டியதில்லை. பிராமண வீடுகளில் திவசச் சமையலில் இன்றும் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். பிள்ளை பெற்றவளுக்குப் பல வீடுகளில் மிளகாயைத் தள்ளிவைத்து மிளகும் பூண்டும் சுக்கும் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் குடலை இட்லியிலும் மிளகு, சீரகம், சுக்கு. இன்று ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது (2023). எங்கோ இருந்து வந்த செடி, அந்தக் கரிசலிலும் உவர்க்காற்றிலும் விளைந்து அந்த மண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எது நம்முடையது, எது வந்தது என்று கோடு கிழிப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

தமிழர் உணவு அடிப்படையில் சைவம்தானே? இட்லி, தோசை, சாம்பார்?

இந்த எண்ணம் வடக்கே மட்டும் இல்லை, நம்மவர்களிடமும் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு என்கிற அரசுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் மேலானவர்கள் அசைவம் உண்பவர்கள். பிறகு எப்படி இந்தப் பெயர் வந்தது? வெளியே சாப்பிடும் பழக்கம் பரவிய காலத்தில் நகரங்களில் பெயர் பெற்றவை உட்லண்ட்ஸ், தாசப்பிரகாஷ் போன்ற, துளு நாட்டு உடுப்பியிலிருந்து வந்தவர்களின் சைவ ஓட்டல்கள். பம்பாயில் மாட்டுங்காவிலும் அதேதான். வடக்கத்தியர் 'மதராஸிச் சாப்பாடு' என்று முதலில் ருசி பார்த்ததே துளு நாட்டுக்காரர் கைப்பக்குவம். அந்த ஓட்டல் தட்டுதான் தென்னிந்தியா முழுமைக்கும் முகமாகிப்போனது.

தஞ்சாவூர் என்றாலும் இதே கதைதான். வெற்றிலை, டிகிரி காபி, வத்தக்குழம்பு, வாழையிலை. எல்லாம் உண்மை. அதே டெல்டாவில் நாற்று நட்டவர்கள் வயல் நண்டைத் தட்டிப்போட்டு ரசம் வைத்தார்கள், நத்தை சமைத்தார்கள், வாய்க்காலில் பிடித்த விராலைக் குழம்பாக்கினார்கள். சளி பிடித்தால் நண்டு ரசத்தை மிஞ்ச மருந்தில்லை. அந்த நெல்லை விளைவித்தவர்களின் அடுப்பு தஞ்சாவூர்ச் சமையல் என்ற பெயருக்குள் ஏன் வரவில்லை என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

இந்த வேறுபாடு நேற்று வந்ததும் அல்ல. காஞ்சிக்குப் போகும் வழியில் பாணருக்கு யார் யார் வீட்டில் என்ன கிடைக்கும் என்று சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படை அடுக்குகிறது. வேட்டுவரான எயினர் வீட்டில் சிவந்த நெற்சோறும் உடும்புக்கறியும், ஆயர் வீட்டில் தினைச்சோறும் பாலும், முல்லை நில உழவர் வீட்டில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும், மருதத்தில் வெண்ணெல் சோறும் கோழிப் பொரியலும், மறையவர் வீட்டில் மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் சமைத்ததும் மாவடு ஊறுகாயும். ஒரே பாட்டில் இத்தனை தட்டுகள். எது தமிழர் உணவு? எல்லாமும்தான்.

சாம்பார் மராட்டியர் கொடுத்ததுதானே?

தஞ்சையை ஆண்ட மராட்டியர் அரண்மனையில்தான் சாம்பார் முதலில் உண்டானது என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதையாகக் கேட்டுக்கொள்ளலாம். திருநெல்வேலியில் தேங்காயும் மல்லியும் வறுத்துப் பொடித்துப் போடும் இடிசாம்பாரையோ எங்கள் மாமியார் வீட்டில் மிளகாயும் மல்லியும் சின்ன வெங்காயத்தோடு வதக்கி அரைத்து ஊற்றுவதையோ அந்த ஒரு கதை விளக்காது.

நாகர்கோவில் பக்கத்துச் சாப்பாடு 'மலையாளச் சாப்பாடு' என்று சொல்வது சரியா?

கன்னியாகுமரி மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்து, 1956 நவம்பர் 1இல்தான் நம்மோடு சேர்ந்தது. நில எல்லை மாறியதற்காக அடுப்பை மாற்ற முடியுமா? தீயல், அவியல், புளிசேரி, தேங்காய் அரைத்த மீன்குழம்பு, மரச்சீனிக்கிழங்கு எல்லாம் அந்த மழையும் தென்னையும் கடலும் கொடுத்தவை. மரச்சீனி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் காலத்தில் ஊக்கம் பெற்றுப் பரவியது. அரிசி தட்டுப்பாடான காலங்களில் ஏழை வீடுகளைக் காப்பாற்றியது அந்தக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும்தான்.

"தேங்காய் எண்ணெயில சமைச்சா எப்படித்தான் சாப்பிடுறாங்களோ" என்று முகம் சுளிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தேங்காய் எண்ணெயைத் தலைக்குத் தேய்த்தே பழகிய மூக்கு அப்படிச் சொல்லும். நல்லெண்ணெய் மணக்கும் எங்கள் வத்தக்குழம்பைப் பார்த்து அவர்களும் அதையே சொல்லலாம். சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பக்கத்துத் திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் சொதி சாப்பாடு உண்டு. தேங்காயைப் பிழிந்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்த்து, இறக்கும்போது முதல் பாலை விட்டு, எலுமிச்சை பிழிவார்கள். முதல் பால் விட்டபின் கொதித்தால் திரிந்துவிடும். கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். இஞ்சி வெறும் ருசிக்காக இல்லை; அத்தனை தேங்காய்ப்பாலும் செரிக்க வேண்டுமே.

அது இலங்கைச் சொதிதானே? ஈழத்துச் சமையலும் நம்முடையதும் ஒன்றா?

உறவு உண்டு, ஒன்றல்ல. யாழ்ப்பாணத்துச் சொதி நீர்க்க, மஞ்சள் நிறமாக, கடைசியில் எலுமிச்சை பிழிந்து இடியப்பத்துக்கு ஊற்றுவது. அங்கே மிளகாயும் மல்லியும் சீரகமும் சோம்பும் வறுத்து இடித்த கறித்தூள்தான் பெரும்பாலான கறிக்கு ஆதாரம். எங்கள் பக்கத்துக் குழம்பு மிளகாய்த்தூளைவிடக் கருத்த நிறம், வேறு மணம். காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைக் கரைத்து, நண்டும் இறாலும் மீனும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் போட்டுக் காய்ச்சும் கூழுக்குச் சமமானது எங்கள் பக்கம் கிடையாது. பனையை அவர்கள் அளவுக்குச் சமையலில் எங்கள் பக்கம் பயன்படுத்துவதில்லை.

'இலங்கைத் தமிழர் சமையல்' என்றால் யாழ்ப்பாணம் மட்டும் என்று நினைப்பதும் சரியில்லை. மட்டக்களப்பு வேறு, மலையகம் வேறு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் கோதுமை மாவையும் தேங்காய்ப்பூவையும் பிசைந்து தட்டிய ரொட்டியும் சம்பலும்தான் காலைச் சாப்பாடு. விடிவதற்குள் மலையேறிக் கொழுந்து பறிக்கப் போனவர்களுக்கு வேறு எதற்கு நேரம் இருந்தது?

இஸ்லாமியர் வீடுகளில் எப்போதும் பிரியாணிதானா?

"பாய் வீட்டுல இன்னைக்கும் பிரியாணியா?" என்று அன்பாகத்தான் கேட்கிறோம். கேட்கப்படுகிறவர்களுக்கு அது ஆயிரமாவது முறை. அவர்கள் வீட்டிலும் செவ்வாய்க்கிழமை பருப்பும் முருங்கைக்கீரையும்தான். பிரியாணி விசேஷத்துக்கு.

ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு வட்டாரத்தில் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் தேங்காய்ப்பால், மீன், இடியாப்பம், நெய்ச்சோறும் களறிக்கறியும், முட்டையும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டலப்பம். கடல் கடந்து வணிகம் செய்த மரைக்காயர்களின் தட்டுக்கும் உள்நாட்டு ராவுத்தர்களின் தட்டுக்கும் நிறைய வேறுபாடு உண்டு. எல்லாருக்கும் பொதுவானது நோன்புக் கஞ்சி. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் பட்டை கிராம்பும் புதினாவும் தேங்காய்ப்பாலும் போட்டுக் குழைய விடுவது. ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு இதற்காகத் தமிழ்நாடு அரசு அரிசி தருகிறது. மாலை நேரத்தில் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள். காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கஞ்சி வாங்கிப் போகும் தாய்மாரை எங்கள் தெருவிலேயே பார்க்கலாம்.

'தயிர்சாதம்' என்று கிண்டல் செய்வது சும்மா விளையாட்டுதானே?

விளையாட்டாக ஆரம்பிப்பது உண்மை. சாப்பாட்டை வைத்துப் பெயர் வைப்பதில் நம் ஊர் யாரையும் விட்டுவைக்கவில்லை. பிராமணப் பையனைத் தயிர்சாதம் என்றால் வீரமில்லாதவன் என்று பொருள். கறி தின்பவன் என்றால் முரடன். கருவாடு, கூழ், எலி என்றால் இழிவு. இவை ஒரே எடை உள்ளவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தயிர்சாதத்துக்காக யாருக்கும் இங்கே வீடு மறுக்கப்பட்டதில்லை. கருவாட்டுக்காக மறுக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஒரு பிள்ளையின் டிபன் பாக்ஸைத் திறந்துபார்த்து அவன் யார் என்று முடிவு கட்டுவதை எந்தப் பக்கத்திலும் நான் ஏற்கமாட்டேன்.

வீட்டு வாடகைக்கு 'சைவம் மட்டும்' என்று கேட்பது வீட்டுக்காரர் விருப்பம்தானே?

சென்னையில் வீடு தேடியபோது தரகர் வாடகையைச் சொல்வதற்கு முன் கேட்ட கேள்வி, "நீங்க வெஜ்ஜா?" என்பதுதான். மீன் வாடை பிடிக்காதவர் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் "நாங்கள் சமைக்கமாட்டோம்" என்று சொன்ன பிறகும் "இல்லைங்க, ஓனர் ஒத்துக்கமாட்டாங்க" என்றார்கள். அப்போது கேள்வி அடுப்பைப் பற்றியதாக இல்லை. சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சமையலைக் கேட்கிறார்கள்.

இது புதிதல்ல. 'பிராமணாள் ஓட்டல்' என்று பலகை தொங்கிய ஊர் இது. அந்தச் சொல்லை நீக்கச் சொல்லி 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் போராட்டம் நடத்தினார். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் எதிர்ப்புக் கிளம்பியது. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஆம்பூரில் மாட்டிறைச்சிப் பிரியாணி சாப்பிடுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். ஊரின் பெயரில் விழா எடுத்துவிட்டு ஊர்க்காரரின் தட்டை மறைப்பது எப்படி நியாயம்?

அரிசிச் சோறுதானே நம் பாரம்பரியம்? சிறுதானியம் இப்போதைய மோகம்தானே?

ஆற்றுப்பாசனம் இல்லாத ஊர்களில் நெல்லுச்சோறு நல்லநாள் பெரியநாளுக்குத்தான். மற்ற நாளெல்லாம் கம்பு, சோளம், கேழ்வரகு, வரகு. வீரிய நெல் ரகங்களும் ரேஷன் கடையும் வந்த பிறகுதான் தினமும் அரிசி என்றானது. 2008 செப்டம்பரில் கிலோ 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி. அதை இழிவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த அரிசி பசித்த வீடுகளில் உலை வைத்தது. கம்பு இடிப்பது எவ்வளவு பாடு என்று கேட்டால் எங்கள் மாமியார் உள்ளங்கையைக் காட்டுவார். காய்ப்பு இன்னும் இருக்கிறது.

நேற்றுவரை "கூழு குடிக்கிறவங்க" என்று ஏளனம் செய்த அதே வாய், இன்று கடையில் பளபளப்பான பையில் கேழ்வரகு மாவு வாங்குகிறது. வாங்கட்டும், நல்லதுதான். அதைக் காலங்காலமாக விளைவித்து உண்டவர்களுக்கு ஒரு மரியாதையும் கூடவே வர வேண்டும் என்பதுதான் என் எதிர்பார்ப்பு.

அம்மியில் அரைத்தால்தான் ருசி, பெண்கள் கைமணம்தான் வீட்டுச் சமையல் என்பது உண்மையா?

அம்மியில் அரைத்தால் சூடேறாது, நார் நாராக நசுங்கும், துவையல் நன்றாக இருக்கும். அது உண்மை. அந்த ருசிக்காக ஒரு பெண் தினம் ஒரு மணி நேரம் குனிந்து நிற்க வேண்டும் என்பதும் உண்மை. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுவும் கொங்குச் சமையல் மரபில் ஒரு பகுதிதான். ஊரில் கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கும் தவசுப்பிள்ளை ஆண். வீட்டில் ஆறு பேருக்குச் சமைப்பவள் பெண். முன்னவருக்குக் கூலியும் பெயரும் உண்டு. 'கைமணம்' என்ற புகழ்ச்சியை மட்டும் கொடுத்துவிட்டு மூன்று வேளையும் ஒருத்தியை அடுப்படியில் நிறுத்துவதை மரபு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு பண்டத்துக்கு 'அசல்' செய்முறை எது?

எந்த வீட்டு அசல் என்று திருப்பிக் கேளுங்கள். எங்கள் தெருவிலேயே கும்மாயத்துக்குப் பச்சரிசி சேர்ப்பவர்களும் சேர்க்காதவர்களும் உண்டு.

வேறு வட்டாரச் சமையலை வீட்டில் செய்து பார்க்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

அரிசியும் பருப்பும் சாதத்திலிருந்து. கொங்கு நாட்டில் எந்த வீட்டிலும் வாரம் ஒருநாளாவது இது உண்டு. எளிது, பக்குவம் பிசகாது, பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும்.

புழுங்கலரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டையும் கழுவி இருபது நிமிடம் ஊறவையுங்கள். குக்கரில் கடலை எண்ணெய் விட்டு, கடுகு வெடித்ததும் சீரகம், 3 வரமிளகாய், கறிவேப்பிலை. உரித்த சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டுப் பல் எட்டு. நறுக்காமல் முழுசாகவே போடலாம். வெங்காயம் கண்ணாடி போலானதும் ஒரு தக்காளி, அரை ஸ்பூன் மஞ்சள்தூள், ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு அரை ஸ்பூன். தக்காளி கரைந்தபின் மூன்றரை டம்ளர் தண்ணி, உப்பு. தண்ணி கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டு, மல்லித்தழை தூவி மூடி, மூன்று விசில். கரம் மசாலா, பட்டை, சோம்பு எதுவும் வேண்டாம். கைதான் பரபரக்கும், போட்டுவிடாதீர்கள்.

தட்டில் போட்டபின் நெய். தொட்டுக்கொள்ளக் கெட்டித் தயிரும் அப்பளமும். கத்தரிக்காய் வதக்கல் இருந்தால் இன்னும் நல்லது. ஆறினால் இறுகும், அரைக் கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறினால் இளகிவிடும்.